ஜோதிமேரி அக்காவின் வலது கால்

எங்க அக்கா ஜோதிமேரி மாதிரி வீம்பு பிடிச்ச பொம்பளைய இந்த அக்காள்மடம் கரையில நீங்க பாக்க முடியாது. செத்துப் போனவளப் பத்தி இப்படிப் பேசுறாளேன்னு கோவிச்சுக்கிடாதீங்க. ஈஸ்டருக்கு முந்துன தவக்காலம் வந்துட்டா எனக்கு அவ நெனப்புத்தான், வாயி சும்மா இருக்க மாட்டேங்குது.

மச்சான் கடல்ல தவறினப்புறம் கடல்பாசி எடுத்து வித்தே ரெண்டு பயலுகளையும் வளத்தா. மொத ஆளாக் கடல்ல முங்குவா, கடைசி ஆளாக் கரையேறுவா. ஊருல யாருக்குக் காய்ச்சல்னாலும் கஞ்சி தூக்கிட்டு ஓடுவா. ஆனா நாம ஒரு கிண்ணம் குழம்பு குடுத்தா, "ஏன், எனக்கு ஆக்கத் தெரியாதா?"ன்னு திருப்பி அனுப்பிருவா. கூடப் பெறந்த எனக்கே இந்தக் கதின்னா பாத்துக்கங்களேன்.

அஞ்சாறு வருஷம் இருக்கும். தவக்காலத்துல பாசி புடுங்கையில, கடலுக்கடியில கெடக்குற கல்லு அவ வலது கால் விரலக் கிழிச்சிருச்சு. சுகர் வேற. புண்ணு ஆறவேயில்ல. துணியச் சுத்திக்கிட்டு மறுபடியும் தண்ணிக்குள்ள எறங்குவா.

"ஆசுபத்திரிக்குப் போவோம்க்கா. இப்படியே விட்டா காலே போயிரும்"னு கெஞ்சினேன்.

"போடி, உப்புத்தண்ணி பட்டா ஆறிரும். பயலுக காதுல போட்டே, நாக்க அறுத்துருவேன்."

நானும் பயந்துக்கிட்டு யாருகிட்டயும் சொல்லல.

அந்த வருஷம் பெரிய வியாழனுக்குக் கால் கழுவ எடுத்த பன்னண்டு பேருல அக்காவும் ஒருத்தி. இயேசு சாமி சாகுறதுக்கு மொத நாளு சீடர்களோட காலக் கழுவுனாருல்ல, அத நெனச்சு அன்னிக்கு ஃபாதர் கழுவுவாரு. கூத்து என்னன்னா, அவரு கழுவுறதுக்கு முன்னாடியே எல்லாரும் வீட்டுல சோப்புப் போட்டுத் தேச்சு, நகம் வெட்டி, பவுடர் அடிச்சுக் கொண்டாந்துருவாக. அழுக்குக் கால நீட்டுனா மரியாதையா? அக்காவும் தேச்சுருந்தா, இடது கால மட்டும். வலது கால்ல மகனோட சாக்ஸ மாட்டி, சேலைய எறக்கிக் கட்டிருந்தா. எங்க கோயில்ல கழுவுறது வலது காலத்தான். அது அவளுக்குத் தெரியாதா? ஃபாதர் கண்டுக்காமப் போயிருவாருன்னு நெனச்சுட்டா கிறுக்கி!

ஃபாதர் அவ முன்னால மண்டி போட்டாரு. இடது கால நீட்டினா.

"வலது கால் அம்மா."

"இதுவே போதும் சாமி."

"ஏம்மா?"

"வேணாம் சாமி. நீங்க தொடப்பிடாது"ன்னு வலது கால பெஞ்சுக்கடியில இழுத்துக்கிட்டா.

இயேசு சாமி கால் கழுவ வந்தப்ப சீடர் இராயப்பரும் இப்படித்தான வேணாம்னு மல்லுக்கு நின்னாரு! ஃபாதர் எந்திரிக்கல. "வலிக்காமக் கழுவுறேன்"னு மட்டும் சொல்லிட்டுக் காத்திருந்தாரு. பாட்டு முடிஞ்சு போச்சு, கோயிலே பாக்குது. அக்கா மொகம் செவந்துருச்சு. அப்புறம் அவளே குனிஞ்சு சாக்ஸக் கழட்டினா.

வாட அடிச்சுச்சு. முன் பெஞ்சுல ஒருத்தி முந்தானைய மூக்குல வச்சா பாருங்க, எனக்கு வந்த கோவத்துக்கு அங்கனயே ரெண்டு சாத்தியிருப்பேன். ஃபாதர் மொகம் சுளிக்கல. தண்ணிய மெதுவா ஊத்தி, ஒவ்வொரு விரலா ஒத்தி எடுத்து, குனிஞ்சு அந்தப் புண்ணுக் கால்ல உதட்ட வச்சு முத்தி செஞ்சாரு. மச்சான் செத்தன்னிக்குக்கூட ஊரு முன்னால அழாதவ ஏங்கி ஏங்கி அழுதா. நானும் அழுதேன், இதுல மறைக்க என்ன இருக்கு?

பூசை முடிஞ்சு வாசப்படிக்கு வந்ததும் நின்னுட்டா. "லிண்டா, என்னால கால் ஊன முடியலடி. ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னா.

அப்பவே கார் பிடிச்சு ராமநாதபுரம் போனோம். ஒரு விரல எடுத்தாக. கால் தப்பிச்சுச்சு. போன வருஷம் கண்ண மூடுற வரைக்கும் அந்தக் கால்லதான் நடந்தா.

அன்னிக்குக் கார்ல கால என் மடியில போட்டுக்கிட்டு வந்தா. பாம்பன் பாலத்துல போகையில, "கனக்குதாடி?"ன்னு கேட்டா.

"இல்லக்கா"ன்னேன்.

ஊருக்கெல்லாம் வாரிக் குடுத்தவ எங்க அக்கா. எனக்கு அவ குடுத்ததுலயே பெரிசு, அன்னிக்கு என் மடியில போட்ட அந்தக் கால்தான்.