முன்பே கட்டிவைத்த நான்கு அடிகள்

அந்த நான்கு அடிகளை நான் மேடையில் கட்டவில்லை. வீட்டிலேயே கட்டி, மனப்பாடம் செய்துகொண்டு போய்ப் பாடினேன்.

இதுதான் என் குற்றம். இதெல்லாம் ஒரு குற்றமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்... முழுவதையும் கேட்ட பிறகும் சிரிக்க முடிகிறதா என்று பார்ப்போம்!

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலை கிடைத்ததும், காஜா பேராங்கில் ஓர் அறை பிடித்துக் குடியேறினேன். பஜனைக் கோஷ்டியில் வயலின் வாசித்துப் பழகிய கை. தமிழ்ப் புத்தகங்களை வரி விடாமல் படித்த திமிரும் இருந்தது.

அங்கே அக்கம்பக்கம் எல்லாம் செட்டி மக்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் நாட்டிலிருந்து வந்தவர்களின் வாரிசுகள். சாமி நம்முடையது, பெயர் நம்முடையது, பேச்சு மட்டும் மலாய். அவர்களில் ஒருத்திதான் மீனாச்சி அக்கா. சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்தி, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, டொண்டாங் சாயாங் பாடுவாள்.

அந்த மலாய்ப் பாட்டு தெரியுமா உங்களுக்கு? ஒரு வயலின், இரண்டு ரெபானா மேளம், கோங் என்கிற ஒரு பெரிய வெண்கலத் தட்டு. இருவர் எதிரெதிரே நின்று பாடுவார்கள். ஒருவர் நான்கு அடி பாடினால், மற்றவர் அதே பொருளில் அங்கேயே கட்டி நான்கு அடியில் பதில் சொல்ல வேண்டும். முதல் இரண்டு அடியில் ஆறு, படகு, பூ என்று ஏதாவது வரும். குத்தல் பின்னிரண்டு அடியில்தான். பதில் வராதவர் தோற்றவர்.

அதில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் எவ்வளவு கேலி செய்தாலும் இறங்கியதும் யாரும் மனத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது. பாட்டுச் சூட்டில் வாயில் வந்தது, அவ்வளவுதான். முன்கூட்டியே கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு அந்த மன்னிப்பு கிடையாது.

மீனாச்சி அக்கா கோஷ்டியில் முதலில் வயலின் மட்டும் வாசித்தேன். பிறகு பாடவும் ஆரம்பித்தேன். தமிழன் ஒருவன் டொண்டாங் சாயாங் பாடுகிறான் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு மாலை ஒத்திகை முடிந்து எல்லாரும் போன பின், அக்கா என்னிடம் ஒன்று சொன்னாள். அவளுடைய ஒரே மகள் கமலா, அவள் பெற்ற பிள்ளை அல்ல. ஜப்பான்காரன் வந்த காலத்தில் செமாபோக்கில் ஒரு சீனக் குடும்பம், பெண் குழந்தையை வைத்துக் காப்பாற்ற வழியில்லாமல் இவள் கையில் கொடுத்திருக்கிறது. சிங்கப்பூரில் சொந்தக்காரர் வீட்டில் பெற்றுக்கொண்டு வந்ததாக ஊருக்குச் சொல்லிவிட்டாள். செட்டி மக்களில் எல்லா முகச்சாயலும் உண்டு. யாரும் சந்தேகப்படவில்லை. கமலாவுக்கும் தெரியாது.

"என்னிடம் ஏன் அக்கா சொல்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சி தம்பி. எங்க ஆளுங்ககிட்ட சொன்னா விடியறதுக்குள்ள ஊர் பூரா போயிடும். நீ வெளியாளு. உங்கிட்ட இருந்தா பத்திரமா இருக்கும்." அவள் பேசியது மலாய். 'தம்பி' என்ற ஒரு சொல் மட்டும்தான் தமிழ்.

பத்திரமாக! ஐயோ, என்னிடம்!

அடுத்து அவர்கள் கோயில் திருவிழாவில் நாங்கள் எதிரெதிரே பாடினோம். அக்கா விளையாட்டாக நான்கு அடி விட்டாள்: நேற்றுக் கப்பலில் வந்த விருந்தாளி, இலை போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போ, பந்தியில் அதிகாரம் பண்ணாதே. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை.

மறுநாளிலிருந்து மார்க்கெட்டில் எனக்குப் பெயரே 'தெத்தாமு'. மலாயில் விருந்தாளி. மீன் விற்கிறவன்கூட, "தெத்தாமு, பொழுதோட ஊருக்குக் கப்பல் ஏறலயா?" என்று கேட்டான். நாடு சுதந்திரம் அடையப்போகிற நேரம் அது. யார் இந்த மண்ணின் பிள்ளை, யார் வந்தேறி என்று கடைக்குக் கடை அதே பேச்சு. எனக்குக் குடியுரிமை கிடைக்குமா என்று தெரியாமல் நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அந்தக் கேலி...

இதை நியாயம் என்று சொல்லவில்லை. சொன்னால் என் வாயில் மண்ணைப் போடுங்கள்!

சுதந்திரத்தை ஒட்டி, கடலோரத் திடலில் எல்லா இனத்தாரின் இசையும் ஒரே மேடையில் என்று விழா ஏற்பாடாயிற்று. போர்த்துகீசியர் கிதாருடன் வந்தார்கள். பாபாக்கள் என்கிற உள்ளூர்ச் சீனர்கள் வந்தார்கள். நம்மவர்கள் உறுமியும் நாதஸ்வரமும் கொண்டுவந்தார்கள். டொண்டாங் சாயாங்குக்கு மீனாச்சி அக்காவும் நானும். பாடுபொருள் 'தாய்நாடு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

அக்கா மறுபடியும் 'விருந்தாளி' என்றுதான் ஆரம்பிப்பாள். எனக்கு நன்றாகத் தெரியும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான்கு அடி கட்டினேன். இயைபு சரியாக வரவில்லை என்று ஒரு சொல்லை மாற்றினேன். மாற்றியதைப் பாடிப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்! அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அன்று திடல் நிறையக் கூட்டம். முன்வரிசையில் கமலா, பதினைந்து வயது, தலைநிறையப் பூ. நினைத்தது போலவே அக்கா சிரித்துக்கொண்டு 'விருந்தாளி'யை எடுத்தாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் யோசிப்பது போல் கொஞ்சம் நடித்தேன். ஆமாம், நடித்தேன். பிறகு பாடினேன்.

முதல் இரண்டு அடியில் செமாபோக் ஆறு, ஒரு கூடை. பின்னிரண்டு அடியில்: என்னை விருந்தாளி என்கிறாயே, சீனத்தி பெற்றுக் கொடுத்த பிள்ளை உன் வீட்டில் எப்படி மகளானாள்?

வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். காஜா பேராங் ஆட்கள் தட்டவில்லை.

கமலா சிரித்தாள். அவளுக்கு அது கேலிதான்! எழுந்து நின்று கையைக் குவித்துக் கூவினாள்: "பதில் பாடும்மா! பொய்யின்னு பாடு!"

ரெபானா ஒரு சுற்று அடித்து முடித்தது. அக்கா வாய் திறக்கவில்லை. இன்னொரு சுற்றும் போயிற்று. நான்கு அடி என்ன, நானூறு அடி நொடியில் கட்டுகிறவள்! ஒரு பொய்யைக் கட்ட அவளால் முடியவில்லை.

"அம்மா, பாடும்மா..." என்றாள் கமலா. இந்த முறை சிரிப்பு இல்லை.

கோங் அடித்துவிட்டார்கள். நான் வென்றதாக அறிவித்தார்கள். நம்மவர்கள் ஓடிவந்து என் கழுத்தில் மாலை போட்டார்கள். கடையில் என்னோடு வேலை செய்த சுப்பையா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அண்ணே, என்னா போடு போட்டீங்க! அந்தம்மா வாயே தொறக்கல லா!" என்றான். நானும் சிரித்தேன். மாலைக்கு மேலாக எட்டிப் பார்த்தபோது, அக்கா மகளின் கையைப் பிடிக்கப் போனாள். கமலா கையை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அவளே முந்திக்கொண்டாள்.

"விடு தம்பி. பாட்டுச் சூட்டுல வந்துடுச்சி. மேடையில சொன்னது மேடையோட போச்சி. உனக்கு முன்னாடி 'விருந்தாளி'ன்னு வாய விட்டது நான்தானே!"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். 'இல்லை அக்கா, அது சூட்டில் வந்ததில்லை, நான் கட்டிக்கொண்டு வந்தேன்' என்று ஒரே ஒரு வாக்கியம்... நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் கொடுத்த காப்பியையும் குடித்தேன், வெட்கங்கெட்டவன்!

அதன் பிறகு அவள் எந்த மேடையிலும் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். கமலா வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் பள்ளி விட்டதும் செமாபோக் பஸ்ஸில் ஏறிப் போவாள். ஒருநாள் அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். ஏறி இறங்குகிற சீனப் பெண்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் அவள் உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

அக்கா இப்போது இல்லை. சாகும்வரை என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிட்டாள். கமலா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இன்னும் காஜா பேராங்கில்தான் இருக்கிறாள். தீபாவளிக்குத் தவறாமல் எனக்குப் பலகாரத் தட்டு வருகிறது. போன முறை அவளே கொண்டுவந்தாள். உட்கார்ந்து என் பழைய வயலினைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த மலாயிலேயே கேட்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னைக்கு அது நெசமாவே தன்னால வாயில வந்ததுதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "அம்மாவும் அப்படித்தான் சொல்லும்," என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

நீங்கள் இதைப் படித்துவிட்டீர்கள். என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் தகும். ஆனால் ஒன்று... நான் இதை மலாயில் எழுதியிருக்கலாம். எனக்கு நன்றாகவே எழுத வரும். தமிழில் எழுதினேன். கமலாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.