நண்டுக்காரர் கூப்பிட்ட பெயர்

ஊரிலிருந்து கடல் கடந்து வந்து கேரித் தீவில் நான் வேலை பார்த்த தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நண்டு விற்க ஒருவர் வருவார். அந்தத் தீவின் பூர்வகுடி. குள்ளமான உருவம், சுருட்டை முடி, உப்புப் பூத்த கால்கள். சதுப்புக் காட்டுக்குள் இறங்குமுன், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல காட்டிடம் வாய்விட்டு அனுமதி கேட்பார். "பேயைக் கும்பிடுறவன்" என்று லயத்தில் சிரிப்பார்கள்.

ஊரில் அம்மா இறந்த செய்தி, கப்பலில் வந்த ஒருவர் சொல்லி, மாதங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வந்த நண்டுக்காரர் கூடையை இறக்கிவிட்டு விஷயத்தை விசாரித்தார்.

"உன் அம்மாவுக்கு இங்க யாரு சோறு வைக்கிறது?" என்று தம் கொச்சைத் தமிழில் கேட்டார்.

"அவங்க இங்க எப்படிண்ணே வருவாங்க? கடலையே பார்த்ததில்ல."

"நாங்க கூப்பிடுறோம் லா. பேரு சொல்லு."

"முத்தம்மா."

அவர்கள் முன்னோருக்குப் படைக்கும் நாளில் என்னையும் அழைத்துப்போனார். கடலோரக் குடிசையில் ஓலைப் பூக்கள் தொங்கின. சாம்பிராணிப் புகைக்கு நடுவே தம் முன்னோரை ஒவ்வொருவராகக் கூப்பிட்டவர், கடைசியில் "மூதாமா" என்றார். அவர் மனைவி இன்னொரு பிடி சோறு வைத்தார். நான் அழுதேன். யாரும் தடுக்கவில்லை.

பிறகு செந்தூல் ரயில் பட்டறையில் வேலை கிடைத்து, தீவை விட்டு வந்துவிட்டேன். அவர்களுடைய அந்த நாள் எப்போது வருகிறதென்றுகூட இங்கே தெரிவதில்லை. இந்த நாட்டில் என் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். இன்னும் கூப்பிடுகிறாரா என்று தெரிந்தால் போதும்.