வயர் அக்கா பழி தீர்த்த கதை

வயர் அக்காவை வேலையை விட்டுத் துரத்திய அன்று, சலவை ஆலையின் மடிப்புக் கூடத்தில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். யார் தலையைக் குனிந்துகொண்டார்கள், யார் வாய்க்குள் சிரித்தார்கள் என்று ஒருவர் விடாமல் அவள் நினைவில் வைத்திருந்தாள். மறக்கிற ரகமில்லை அவள்.

பதினெட்டு வருடங்களுக்கு முன் அதே கூடத்தில் படுக்கைவிரிப்பு மடிக்க வந்தவள்தான். முதலாளி செலவு மிச்சம் என்று, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள் போட்ட கணினி ஒன்றை வாங்கி வைத்தார். போட்டுக் கொடுத்தவன் ஒரே மாதத்தில் வேறு வேலைக்கு ஓடிவிட்டான். அந்தக் கறுப்புத் திரையைக் கண்டு எல்லாரும் எட்டி நின்றபோது, இவள் மட்டும் மடிப்பு வேலை முடிந்ததும் அதன் முன் உட்கார்ந்து, கட்டளைகளை நோட்டில் எழுதி எழுதிப் பழகினாள். பிறகு ஆலையில் ஓடும் வயர் அத்தனையும் அவள் கையால் இழுத்ததே. பெயரும் அப்படி வந்ததுதான்.

ஆலைக்கு ஓட்டல் துணிகள் வரும். ஒரு ஓட்டலுக்கு ஒரு எண். விரிப்போ துவாலையோ திரைச்சீலையோ, அந்த ஓட்டலின் சாமான் எல்லாவற்றுக்கும் அதே எண்ணில்தான் சீட்டு. சீட்டு அடிக்கும் ஐந்து பிரிண்டர்களும் லினக்ஸ் கணினியைக் கேட்டுத்தான் அடிக்கும். இணைப்பு அறுந்தால் சீட்டு வராது. சீட்டு வராவிட்டால் எந்தத் துணி யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியின் சகலை மேனேஜராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் மூன்று தொழில்களை முழுங்கி ஏப்பம் விட்ட புண்ணியவான். அவர் வந்த மூன்றாவது வாரத்திலிருந்து, காலை பத்து மணியானால் இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. வயர் அக்கா கூடம் முழுக்கச் சோதித்தாள். பாக்கி இருந்தது மாடியில் சகலையின் அறை ஒன்றுதான்.

“சார், உங்க ரூமையும் ஒரு தடவ பாத்துடுறேன்.”

சகலை அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை முதலாளியின் காதில் போட்டும் விட்டார்: அவளே அறுத்துவிட்டு அவளே சரி செய்கிறாள், தான் இல்லாமல் ஆலை ஓடாது என்று காட்டுவதற்காக. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. ஆனாலும் முடிச்சுப் போட்டவர் சொந்தக்காரர் ஆயிற்றே, முதலாளி நம்பினார். கூடத்தின் நடுவில் நின்று, “கூட இருந்தே குழி பறிச்சவ நீ, வெளிய போ” என்றார். அதோடு விட்டாரா? தெரிந்த ஆலைகளுக்கெல்லாம் போன் போட்டு, இவளைச் சேர்க்காதீர்கள் என்றும் சொல்லி வைத்தார்.

ஏழு மாதம் எங்கும் வேலை கிடைக்கவில்லை. மகள் கல்லூரியை நிறுத்திவிட்டு, ஒரு செருப்புக் கடையில் நாள் முழுக்க நின்றாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அண்ணி ஆறுதல் சொன்னாள். பூமி யாருக்கு வேண்டும்? குழி பறித்தவள் என்று சொன்ன முதலாளியின் வாயே, அதே முப்பத்தொரு பேர் முன்னால், திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். சகலை அழ வேண்டும். இரண்டும் நடக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

இவள் போன பிறகும் கோளாறு போகவில்லை. இரண்டு கணினிக் கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆலை ஓடாத ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வந்தார்கள். அன்று சகலையும் வர மாட்டார், கோளாறும் வராது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை மறுபடி அதே கதை. ஒரு பெரிய ஓட்டலின் துவாலைகள் இன்னொரு ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த அன்று முதலாளி போன் செய்தார்.

“ஏம்மா, கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போயேன்.”

“வர்றேன் சார். வேலை நாள்ல, பதினோரு மணிக்கு. எல்லாரும் கூடத்துல இருக்கணும்.”

“எல்லாரும் எதுக்கும்மா?”

“அன்னைக்கு இருந்தாங்கல்ல.”

போனாள். யாரையும் நலம் விசாரிக்கவில்லை. லினக்ஸ் கணினியில் வயர் விளக்கு எரிந்தது, பிரிண்டர்கள் அதைத் தேடி வரும் பத்தாம் எண் முகவரியும் சரியாக இருந்தது. ஆனாலும் பிரிண்டர்கள் ஊமையாக நின்றன. தன் மடிக்கணினியை இணைத்து, “பத்தாம் எண் முகவரி யாருடையது?” என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு பதில் வர வேண்டிய இடத்தில் இரண்டு பதில் வந்தது.

“ஒரே கதவு நம்பர்ல ரெண்டு வீடு இருக்கு சார். தபால் யாருக்குப் போகும்?” என்று முதலாளியிடம் கேட்டுவிட்டு, லினக்ஸ் கணினியின் வயரைப் பிடுங்கினாள். இப்போது பத்தாம் எண்ணில் யாருமே இருக்கக் கூடாது. மடிக்கணினி பீப் பீப் என்றது. ஒவ்வொரு பீப்பும் ஒரு பதில்.

எல்லா வயரும் வந்து சேரும் இணைப்புப் பெட்டியிலிருந்து வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எட்டாவது வயரில் சத்தம் நின்றது. மாடிக்குப் போகும் வயர் அது.

சகலை சாவி வீட்டில் இருக்கிறது என்றார். முதலாளி பூட்டை உடைக்கச் சொன்னார். பீரோவுக்குப் பின்னால் ஒரு கேமராப் பெட்டியும் சின்னத் திரையும் இருந்தன. வெளிச்சத்தில் பார்த்தால்தான் தெரியும் என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லி, வயர் அக்கா இரண்டையும் கீழே தூக்கி வந்து மடிப்பு மேசையில் வைத்தாள். எல்லா வயரையும் பழையபடி சொருகி, கேமராப் பெட்டியையும் அதோடு சேர்த்துவிட்டாள். வயரில்லாத கேமராக்கள் என்பதால் படம் உடனே வந்தது. முதல் படம் வாசல். இரண்டாவது கூடம். மூன்றாவதில் முதலாளியின் அறை, அவருடைய மேசை, திறந்து கிடந்த இழுப்பறை.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இதை அவளே எதிர்பார்க்கவில்லை.

தன் அறையில் கேமரா இருப்பதே தெரியாத முதலாளி திரையை நோக்கிக் குனிந்தார். வயர் அக்கா சகலையிடம் மரியாதையாகவே கேட்டாள்: “இதுக்கு ஏன் சார் பத்தாம் நம்பரப் போட்டீங்க?”

“ஒரு ஓட்டலுக்கு ஒரே நம்பர்தானே போடுறோம்... நம்ம சாமான் எல்லாத்துக்கும் ஒரே நம்பர்னு நெனச்சேன். கம்ப்யூட்டர் மேல ஒட்டியிருந்தத பாத்துப் போட்டேன். காலைல வந்ததும் ஆன் பண்ணுவேன், அவ்வளவுதான்.”

பின்வரிசையில் யாரோ சிரிக்க, கூடம் முழுக்கச் சிரித்தது. சீட்டில்லாத துணி மலையாகக் கிடந்தது. வாசலில் ஓட்டல் வண்டிகள் ஹாரன் அடித்தன.

“ஏம்மா, இது குடும்ப விஷயம்,” என்றார் முதலாளி தணிந்த குரலில். “அந்தப் பொட்டிய கழட்டிட்டு வா. ரூம்ல பேசிக்கலாம்.”

“என்னைப் பத்தி ரூம்லயா சார் பேசுனீங்க?”

பெட்டியின் வயரைப் பிடுங்கினால் சீட்டு வந்துவிடும், அவள் அதைத் தொடவில்லை. ஹாரன் இன்னும் இரண்டு முறை கேட்டது.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. குழி பறிச்சது இவ இல்ல,” என்றார் முதலாளி.

“பின்னாடி கேக்கல சார்,” என்றார் இஸ்திரி மேஸ்திரி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

முதலாளி உரக்க இன்னொரு முறை சொன்னார். மற்ற ஆலைகளுக்கும் இன்றே போன் செய்வதாகச் சொன்னார். நாளையிலிருந்து வந்துவிடு என்றார். ஒவ்வொரு வார்த்தையும் வயர் அக்காவுக்குக் கற்கண்டாக இனித்தது.

“இப்பவே இருக்கேன் சார். அவர் இருக்கக் கூடாது.”

முதலாளி மறுபடி தன் இழுப்பறையின் படத்தைப் பார்த்தார். “சகலை, நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க. இனிமே இங்க வர வேண்டாம்.”

சகலை அவள் பக்கத்தில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடாத வாய் அன்று கூப்பிட்டது.

“அக்கா, நீங்க ஒரு வார்த்த சொன்னா அவர் கேப்பாரு. எனக்கும் புள்ளைங்க காலேஜ்ல படிக்குதுங்க.”

வயர் அக்கா பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். ஐந்து பிரிண்டர்களும் சீட்டு அடிக்கத் தொடங்கின.

“என் மக நிக்கிற செருப்புக் கடையில இன்னும் ஆள் எடுக்கிறாங்க சார்,” என்றாள். “அனுப்பி வைங்க.”