கறுத்துடும்னு நான் முழுங்காத மாத்திரை

கிள்ளான் அரசாங்கக் கிளினிக்ல என்னைப் பொறுப்பான பொம்பளைன்னுதான் நினைச்சிருப்பாங்க. கர்ப்பிணிகளுக்குத் தர்ற அந்த ரோஸ் கலர் புத்தகத்துக்கு பிளாஸ்டிக் அட்டை போட்டுக் கொண்டு போறவ நான். ஒரு செக்கப்கூட தவறவிட்டதில்ல. ஆனா நர்ஸ் மிசி எண்ணிக் குடுத்த இரும்புச்சத்து மாத்திரையில, நாலு மாசமா ஒண்ணைக்கூட நான் முழுங்கல.

காரணத்தைச் சொல்லவே வெக்கமா இருக்கு. அப்போ நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு சேலைக்கடையில வேலை பார்த்தேன். கூட வேலை செஞ்ச அக்கா ஒருநாள் என் பையில அந்த மாத்திரையைப் பார்த்துட்டு, இதைச் சாப்பிட்டா புள்ளை கறுப்பா பொறக்கும்னு சொன்னாங்க. படிச்சவ நான், அதெல்லாம் சும்மா கதைன்னு சிரிச்சேன். சிரிச்சவ, மறுநாள் மத்தியானமே போய் குங்குமப்பூ வாங்கினேன். மத்த வைட்டமின் எல்லாம் ஒழுங்கா முழுங்குவேன். அந்தக் கருஞ்சிவப்பு மாத்திரையை மட்டும் டிஷ்யூல சுருட்டி, ரயில் ஏறுறதுக்கு முன்னாடி ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில போட்டுடுவேன்.

என் வீட்டுக்காரர் நல்ல கறுப்பு. போர்ட் கிள்ளான்ல கண்டெய்னர் லோரி ஓட்டுறவரு. ஆசைப்பட்டுத்தான் அவரைக் கட்டிக்கிட்டேன், யாரும் என்னை வற்புறுத்தல. ஆனா பொறக்கப்போறது பொண்ணா இருந்தா, அந்த நிறம் மட்டும் வேணாம்னு நினைச்சேன். கறுப்பான கல்யாணப் பொண்ணுங்க ஆசையா எடுத்த சேலையை, இது உன் நிறத்துக்கு எடுப்பா இருக்காதுன்னு சொந்த அம்மாவே பிடுங்கி வைக்கிறதைக் கடையில எத்தனை தடவை பார்த்திருக்கேன். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கிட்டேன். தினமும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து, கேள்வி எதுவும் கேக்காம குங்குமப்பூ பாலைக் காய்ச்சிக் குடுத்தது அவருதான்.

ஆறாவது மாசம் ரத்தம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. மிசி என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துட்டு, மருந்து சாப்பிடுறியான்னு மலாய்ல கேட்டாங்க. சாப்பிடுறேன்னேன். மாத்திரையைக் கூட்டிக் குடுத்தாங்க, அதுவும் குப்பைக்குத்தான் போச்சு. அடுத்த தடவை ரத்தம் இன்னும் இறங்கியிருந்துச்சு. இவ்வளவு மருந்து சாப்பிட்டும் ஏறலன்னா பரம்பரை ரத்தக் கோளாறா இருக்கலாம்னு டாக்டருக்குச் சந்தேகம். புருஷனையும் கூட்டிட்டு வா, அவர் ரத்தத்தையும் பார்க்கணும்னுட்டாங்க.

அவரோட தம்பி ஒருத்தன் ரத்தம் ஊறாம குழந்தையிலேயே போயிட்டவன். அதனால மனுஷன் ஆடிப்போயிட்டாரு. ரிசல்ட் வர்ற வரைக்கும் சோறு சரியா இறங்கல. "என் ரத்தத்தாலதான் நம்ம புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?" ன்னு ஒருநாள் கேட்டாரு. அப்பவாச்சும் சொல்லியிருக்கணும். ஏன் முழுங்கலன்னு கேட்டா, உங்க நிறம் வேணாம்னுதான்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது? கோழை நான்.

ரிசல்ட்ல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறியான்னு டாக்டர் அவர் முன்னாடியே என்னை மறுபடி கேட்டாங்க. அதுக்கு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள, அவ ஒழுங்காதான் சாப்பிடுறான்னு அவரே எனக்காகப் பரிஞ்சு பேசினாரு. அன்னையிலருந்து ஒரு வேளைகூட விடாம முழுங்கினேன். ஆனா ரொம்ப லேட். பிரசவத்துல எனக்கு ரெண்டு பை ரத்தம் ஏத்தினாங்க. குழந்தை எடை கம்மியா, நாள் நிறையாமலே பொறந்துட்டா. பொண்ணுதான். உடனே தனி வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. மூச்சு சீரா இருக்கு, பயமில்லன்னு சொல்றவரைக்கும் நான் கும்பிடாத சாமி இல்ல.

முதல்ல போய்ப் பார்த்தது அவருதான். திரும்பி வந்து என் கட்டில் ஓரத்துல உக்காந்தாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு, ஆனா சிரிக்கத்தான் பார்த்தாரு.

"நல்லா இருக்கா மா. ஆனா அப்படியே என் நிறம். மன்னிச்சுக்க."

நிறத்தைப் பத்தி அவர்கிட்ட நான் ஒருநாளும் ஒரு வார்த்தை பேசினதில்ல. மன்னிப்புக் கேக்க வேண்டியவ நான்.

பரவால்லைங்கன்னு சொன்னேன்.