பெட்ரோல் டேங்க் மூடி

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது துடைத்தாக வேண்டும். கடைக்கு வருகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தால் போதும், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே அதை எடுத்துத் துடைத்துவிடுவார். வீட்டில் கதவுக் கைப்பிடி, குழாய் எதுவும் தப்பாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராஜ உபசாரமெல்லாம் பழைய காருக்குத்தான். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது என்பதால் அந்த வீட்டில் மனைவியை விட அது சீனியர். அவளுக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு.

சீனியர் சில மாதங்களாக அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது ஜோராகக் கிளம்பும். கொஞ்ச தூரம் போனதும் இருமும், விக்கும், நின்றுவிடும். சற்று நேரம் விட்டுப்பிடித்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். அவர் பில்டரை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் பம்ப்பையும் புதிதாகப் போட்டார். கடைசியில் மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டார்.

"இன்னொரு தடவை நடுரோட்டுல நின்னா, வித்துடணும்" என்றாள் மனைவி. ஏதோ வேகத்தில் அவரும் சரியென்று தலையாட்டித் தொலைத்திருந்தார்.

அவளுடைய அக்கா வீட்டுக்குப் போகும் வழியில், சரியாகப் பாலத்தின் நடுவில், கார் நின்றது. பின்னால் பஸ் டிரைவர்கள் ஹாரனிலிருந்து கையெடுக்கவில்லை. அவர் கதவைத் திறந்து இறங்கினார்.

"வித்துடலாம்" என்றார் அவரே. "பெட்ரோலாவது இருக்கான்னு பார்த்துடறேன்."

டேங்க் மூடியைத் திருகினார். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்து, காரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"மூடியை இப்படிக் குடுங்க. பெட்ரோல் போகப் போக உள்ள காத்து வர வேணாமா? எண்ணெய் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா ஒழுங்கா ஊத்துமா?"

அவள் தையல்காரி, காலரில் எப்போதும் ஓர் ஊசி குத்தியிருக்கும். அதை எடுத்து மூடியில் இருந்த சின்னஞ்சிறு துளையைக் குத்தினாள். வெள்ளையாக, கெட்டியாக, பாலிஷ் மெழுகு உதிர்ந்தது.

"துடைச்சுத் துடைச்சே மூச்சை அடைச்சு வச்சிருக்கீங்க!"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. ஆனால் கார் அக்கா வீட்டு வாசல் வரை ஒரு விக்கல்கூட இல்லாமல் ஓடியபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீ பேசாம இருந்திருந்தா இது ஒழிஞ்சிருக்குமே. ஏன் சொன்னே?"

"இது போயிட்டா ஞாயித்துக்கிழமை உங்க கை சும்மா இருக்குமா?" என்றபடி அவள் இறங்கினாள். "அடுத்தது என் தையல் மிஷினைத்தான் கழட்டுவீங்க. அதுதான் நமக்குச் சோறு போடுது."