பொண்ணு வீடு எங்கேஜ்டு

கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், என் வாயிலிருந்து வந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையால் ஒரு கல்யாணம் நின்றுபோக இருந்தது. எழுபதுகளின் நடுவில் நடந்தது இது.

இன்றைய பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். வெளியூருக்குப் போன் பேச நினைத்தால் அப்போது எங்களிடம் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் நாங்கள் கூப்பிட்டு இணைத்துவிடுவோம். என்னென்ன பேசலாம் என்று டிரெயினிங்கிலேயே மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். எதிர்முனையில் வேறு ஆள் பேசிக்கொண்டிருந்தால் 'எங்கேஜ்டு'. 'பிஸி' என்றாலும் அதே அர்த்தம்தான், ஆனால் இலாகாவுக்கு எங்கேஜ்டுதான் பிடிக்கும். அதன் எதிர்ப்பதம் 'ப்ரீ'. இதற்கு மேல் பேச்சை வளர்க்கக் கூடாது.

எங்கேஜ்டு

அன்று காலை பஜாரில் பருத்திக் கமிஷன் கடை வைத்திருந்த காஜா பாய் கூப்பிட்டார். அவரைக் குரலில் மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"யம்மா, நம்ம பசுவந்தனை அய்யாத்துரை அண்ணாச்சி வந்திருக்காவ. கோயமுத்தூருக்குப் பேசணுமாம்."

அய்யாத்துரை போனை வாங்கினார். காட்டின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூப்பிடும் குரல்.

"பொண்ணு வீட்டு நம்பரு தாயி. எம் மவனுக்குப் பாத்துட்டு வந்தோம். எங்களுக்குச் சம்மதம்னு இன்னைக்குப் பொழுது சாயுமுன்னே சொல்லணும். இல்லாட்டி அவிய வேற இடத்துக்குச் சரின்னுருவாவ."

வெகுநேரம் கழித்துக் கோயமுத்தூர் கிடைத்தது. ஆனால் அந்த வீட்டுப் போனில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் கடையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பொண்ணு வீடு எங்கேஜ்டு அண்ணாச்சி. காத்திருங்க."

மனப்பாடம் செய்ததில் 'பொண்ணு வீடு' கிடையாது. அவர் சொன்னதையே நானும் சொன்னேன்.

கடைக்குள் அவர் யாரையோ கேட்பது லேசாகக் காதில் விழுந்தது. "ஏலே, எங்கேஜ்டுன்னா என்னலே?" அதற்குள் ஸ்விட்ச் போர்டில் இன்னொருவர் கூப்பிட, நான் அங்கே திரும்பிவிட்டேன். கேள்விக்குப் பதில் சொன்னது பியூசி படித்த அவருடைய மச்சினன். "நிச்சயம் ஆயிட்டுன்னு அர்த்தம் அத்தான்" என்றானாம். இதைப் பாய் எனக்குப் பிற்பாடு சொன்னார்.

ப்ரீ

அரை மணி நேரத்தில் லைன் கிடைத்தது.

"அண்ணாச்சி, பொண்ணு வீடு ப்ரீ ஆயிட்டு. பேசுதீங்களா?"

"அதுக்குள்ளயா?" என்றார்.

அவர் ஏன் இப்படித் திகைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கிலீஷ்தான் இடிக்கிறது போல என்று நினைத்துத் தமிழில் சொன்னேன். "ஆமா அண்ணாச்சி. அவங்க வேற ஆளுககிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. இப்பம் பேசி முடிச்சிட்டாங்க."

"பேசி முடிச்சிட்டாவளா?"

"முடிச்சிட்டாங்க."

"அப்ப நான் எதுக்குத் தாயி நடுவுல? கேன்சல் பண்ணிரு."

குரல் அடியோடு இறங்கிவிட்டது. நானும் கேன்சல் செய்துவிட்டு அடுத்த காலைப் பார்த்தேன்.

புகார்

கொஞ்ச நேரத்தில் அதே கடையிலிருந்து விளாத்திகுளம் கேட்டார்கள். அய்யாத்துரைதான் பேசினார்.

"அங்கன ஒரு பொண்ணு இருக்குன்னு சொன்னாவ தாயி. கோயமுத்தூர்ப் பொண்ணுக்குத்தான் எங்கேஜ்டு ஆயிட்டே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்ன ஒவ்வொன்றும் அந்தக் கடையில் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். "இருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் கோமதி மேடத்திடம் ஓடி, நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஆபரேட்டர் அவிய குடும்ப விஷயத்துல தலையிடக் கூடாது" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஆனா, புகார் இருந்தா பதில் சொல்லலாம்" என்று எழுந்து வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். நான் பக்கத்து ஹெட்செட்டைக் காதில் வைத்தேன்.

"சூப்பர்வைசர் பேசுதேன். காலையில புக் பண்ணின கால்ல உங்களுக்கு ஏதும் புகார் உண்டா?"

"போன் மேல என்னம்மா புகார்? அது பாட்டுக்கு இருக்கு. எம் மவன்கிட்ட என்னத்தச் சொல்லன்னுதான் தெரியல. அந்தப் பொண்ணு மேல அவனுக்கு ரொம்ப இஷ்டம்."

"அண்ணாச்சி, எங்கேஜ்டு ஆனது போனு. பொண்ணு இல்ல. அந்த வீட்டுப் போன்ல யாரோ பேசிக்கிட்டிருந்தாங்க. அவ்வளவுதான்."

மறுமுனையில் யார் முதுகிலோ பளாரென்று ஓர் அடி. "இனிமே இங்கிலீஷுக்கு அர்த்தம் சொல்லுவியாலே?" பின்னால் பாய் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தாயி, அர்ஜெண்ட் கால் போடு."

அதற்குக் காசு கூட, ஆனால் சீக்கிரம் கிடைக்கும். போட்டோம். மறுபடியும் எங்கேஜ்டாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மணி போனது. எடுத்தார்கள். மேடம் இணைத்துவிட்டதும் நான் ஹெட்செட்டைக் கழற்றினேன்.

கல்யாணம் நிச்சயமானதைப் பாய்தான் பிற்பாடு சொன்னார். அன்று காலையில் அந்தப் போனைப் பிடித்து வைத்திருந்தது பெண்ணின் அம்மாவாம். பசுவந்தனை மாப்பிள்ளையைப் பற்றித்தான் தன் அக்காவிடம் அத்தனை நேரம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். "அந்தப் போன்ல வேற ஆள் பேசுதாங்க, கொஞ்சம் பொறுங்க" என்றே சொல்வேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர், ஒரு வார்த்தையில் முடிவதை ஏன் இப்படி நீட்டுகிறீர்கள் என்று கேட்டார். கோமதி மேடம்தான் பதில் சொன்னார். "அந்த வார்த்தைக்கு எங்க ஊர்ல வேற ஜோலி இருக்கு சார்."

டிக்‌ஷனரியில் ஒரு சொல்லுக்குப் பல அர்த்தம் போட்டிருக்கும். கவலையோடு காத்திருக்கிறவருக்கு அதில் அவர் பயப்படுகிற அர்த்தம்தான் முதலில் கேட்கும். அதனால் முக்கியமான எதைச் சொன்னாலும், "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று ஒருமுறை கேட்டுவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ரிட்டையர் ஆன பிறகு வீட்டிலும் கேட்கிறேன். என் வீட்டுக்காரருக்கு அதில் எரிச்சல்தான். ஆனால் கேட்டதும் திருப்பிச் சொல்லிவிடுவார். பாதி நாள் அது நான் சொன்னதாக இருப்பதில்லை.