கானாவுக்குப் போகிற கோடிப் புடவை

காலை ஏழரைக்குத் தாமலில் பேருந்து ஏறினோம், நானும் என் தம்பியும். அவன் ஆப்பிரிக்காவிலேயே தலை நரைத்தவன். நம் அரசாங்கத்துக்காகக் கென்யா, சூடான், இப்போது கானாவில் தூதர். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்த நாடுகளை வரிசையாகச் சொல்வேன். முன் சீட்டுப் பெண்ணிடமும் சொன்னேன்.

"ஆயாவுக்கு இலவசம். சார், நீங்க பதினஞ்சு ரூபா எடுங்க" என்றார் கண்டக்டர்.

"பாத்தியாடா, யாருக்கு மரியாதைன்னு!"

தம்பி லேசாகத்தான் சிரித்தான். கானாவில் அவன் சிநேகிதர், அந்த நாட்டுக்காரர், இறந்துவிட்டார். அவர் மனைவி, கூடப்பிறந்தவர் இல்லாத அந்த ஊர்ப் பெண், இவனைத்தான் அண்ணன் என்பாள். அங்கே அடக்கத்துக்கு வாரக்கணக்கில் காத்திருப்பார்களாம். நம் வழக்கப்படி, புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டார் போர்த்துகிற கோடிப் புடவையை இவன் கொண்டுபோக வேண்டும். அதை வாங்க என்னைத் துணைக்குக் கூப்பிட மூன்று நாள் தயங்கினான். என் வீட்டுக்காரர் போனபோது எனக்குக் கோடி போட இவன் வரவில்லை. பெரியப்பா மகன்தான் போட்டான்.

பாலுச்செட்டிசத்திரம் தாண்டியதும் வாய் திறந்தான். "சூடான்ல அப்போ சண்டைக்கா. நம்ம ஜனங்கள கப்பல் ஏத்திக்கினு இருந்தேன். மாமா போன சேதி வந்தப்போ பாதிப் பேரு கரையில நின்னுக்கினு இருந்தாங்க."

"தெரியும்டா" என்றேன். தெரிந்தும் வலித்தது.

ஒன்பதரைக்குக் காந்தி ரோட்டில் பட்டுக் கடை திறந்ததும் உள்ளே போனோம். கறுப்புப் புடவை, சிவப்புக் கரை எடுத்தோம். அங்கே சாவுக்கு அந்த நிறம்தானாம். பன்னிரண்டாயிரம். கடைக்காரர் வழக்கம்போல் மஞ்சள் குங்குமத்தைப் பையில் வைத்தார்.

"எடுத்துடுப்பா. இது கோடி."

அவர் முகம் மாறிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். தம்பி பழுப்பில் இன்னொன்றும் வாங்கினான்.

"எனக்கா? பதினாறாம் நாளோட அதெல்லாம் முடிஞ்சிபோச்சுடா."

அவன் இரண்டுக்கும் சேர்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

எண்பது ரூபாய் ஆட்டோவில் செவிலிமேடு பாலாற்றங்கரைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் சாம்பலைக் கரைத்த இடம், அவன் பார்த்ததில்லை. மணலில் நின்று, "கோடிய எப்படிக்கா போடணும்?" என்றான். எத்தனையோ நாட்டுச் சாவில் மாலை வைத்தவனுக்கு இது தெரியவில்லை.

"அந்தப் பழுப்புப் புடவைய எடு. பின்னால வந்து என் தலமேல போத்து. பேசக் கூடாது."

போர்த்தினான். "அக்கா" என்று உடைந்து அழுதான். பேசக் கூடாதென்று நான் அதட்டவில்லை. நானும் அழுதேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் வாடகைக் காரில் விமான நிலையம் போனான். நான் பேருந்தில் தாமலுக்குத் திரும்பினேன். கானா எந்தத் திக்கில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அந்தப் பெண் தலையில் அவன் சரியாகப் போர்த்துவான்.